மீறிக் கட்டிய வீட்டை விற்பதற்கு முன்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி தாண்டிக் கேரளத்து முதலமடைப் பக்கம் விசாரித்தாலும் சரி, போடிமெட்டு ஏறிப் பூப்பாறையில் விசாரித்தாலும் சரி, விலைக்கு வரும் வீட்டைப் பற்றி முதலில் கேட்பது "நம்பர் இருக்கா?" என்றுதான். விற்பவர் பஞ்சாயத்தில் வீட்டுக்கரம் கட்டிய ரசீதை எடுத்து நீட்டுவார். வாங்க வந்தவர் அதில் வீட்டு எண் இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்து விலைக்குப் போய்விடுவார். அந்த எண்ணோடு "யு.ஏ." என்று இரண்டு எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும், ஏதோ வார்டு அடையாளம் என்று விட்டுவிடுவார்கள். அது வார்டு அடையாளம் அல்ல. அனுமதியின்றியோ அனுமதியை மீறியோ எழுந்த கட்டடம் என்று பஞ்சாயத்தே தன் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதன் அடையாளம். வீடு ஒழுங்கானது என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்படும் அந்த ரசீதுதான், அது ஒழுங்கானது அல்ல என்பதற்கு முதல் சாட்சி.

கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1994இன் 235ஏஏ பிரிவுதான் இதற்கு அடிப்படை. மீறிக் கட்டிய கட்டடத்துக்கும் வரி உண்டு. ஒழுங்காகக் கட்டியிருந்தால் எவ்வளவு வரியோ அதோடு அதைப் போல இரு மடங்கும் சேர்த்து, ஆக மும்மடங்கு கட்ட வேண்டும் என்கிறது அது. அப்படிக் கட்டியதால் கட்டடம் முறையானதாகிவிடாது. இடிக்கும் அதிகாரமும் பஞ்சாயத்தை விட்டுப் போகாது. மக்கள் நம்பும் மற்றக் காகிதங்களும் இப்படித்தான். 1975ஆம் ஆண்டுக் கட்டட வரிச் சட்டப்படி வருவாய்த் துறை வாங்கும் ஒருமுறை வரி, கட்டடத்தின் பரப்பைப் பார்க்கிறதே ஒழிய அதன் அனுமதியைப் பார்ப்பதில்லை. பத்திரப் பதிவும் இதில் உதவாது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. உரிமையையே ஆராயாத அலுவலகம் படிக்கட்டு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆராயப்போவதில்லை. ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதிப் பதிவானது என்றால் கைமாறியது என்று பொருள். கட்டியது சரி என்று பொருள் அல்ல.

இதிலிருந்து, மீறிக் கட்டிய வீட்டை விற்கவே கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். விற்கலாம். சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. அவசரத்துக்குப் பணம் வேண்டியவர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், கோயம்புத்தூருக்கோ தேனிக்கோ குடிபோகிறவர் வீட்டை விற்கத்தான் செய்வார்கள். என்ன மீறல், அது தீரக்கூடியதா என்பதை எழுத்தில் சொல்லி விற்பதா, மூடி மறைத்து விற்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாங்குபவரைக் காப்பாற்றும் வழி முதலாவது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்பவருக்கும் லாபம் தருவது அதுவே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதை நம்ப, மீறல்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சித்தூர்த் தாலுகாவில் ஒரு 5 சென்ட் வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கிக் கட்டினார்கள். பிறகு முன்புறம் காருக்கு ஒரு போர்ச், பின்புறம் சமையலறையை ஒட்டி ஒரு விறகுப்புரை. அது நாளடைவில் சுவரும் ஜன்னலும் வைத்த அறையாகிவிட்டது. மொட்டை மாடிக்கு மேல் மழைக்காக இரும்புக்கால் நிறுத்தித் தகரம் போட்டார்கள். பக்கங்கள் திறந்திருந்தவரை அது மழைக்கூரை. மூத்த மகன் திருமணத்துக்குப் பிறகு பக்கங்களை அடைத்து உள்ளே குளியலறையும் வைத்ததும் அது இன்னொரு மாடி. யாரும் சட்டத்தை மீற வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வீடு குடும்பத்தோடு வளர்ந்தது. பஞ்சாயத்தில் இருக்கும் வரைபடம் மட்டும் பழைய நாளிலேயே நின்றுவிட்டது. இதில் ஒரு பகுதி எளிதில் சரியாகக்கூடியது. 2019 நவம்பர் 8 முதல் நடப்பில் இருக்கும் கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி, அனுமதி வாங்காமல் கட்டியிருந்தாலும் கட்டடம் விதிக்குள் அடங்கினால், உரிமம் பெற்ற பொறியாளரின் வரைபடத்தோடு விண்ணப்பித்து, அனுமதிக் கட்டணத்தைப் போல இரு மடங்கு செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். குற்றம் அனுமதி கேட்காததுதான், கட்டியது அல்ல. இப்படிப்பட்ட வீட்டைச் சரிசெய்யாமல் விற்பவர், சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கப் போய் விலையில் சில லட்சங்களை விடுகிறார்.

விதிக்குள் அடங்காத வீடு அடுத்த வகை. பக்கத்து எல்லைக்கு விட வேண்டிய இடம் விடப்படவில்லை, முன்வாசல் சாலையை நோக்கி வந்துவிட்டது, பரப்பு கூடிவிட்டது. இதற்குத்தான் கேரள அரசு அவ்வப்போது தனி விதிகள் கொண்டுவருகிறது. 2018இல் வந்த விதிகள் 2017 ஜூலை 31 வரை கட்டியவற்றை எடுத்துக்கொண்டன. 2024இல் வந்தவை 2019 நவம்பர் 7 வரை கட்டியவற்றை. ஆனால் எதையும் சரிசெய்யும் மந்திரம் அல்ல இவை. அறிவிக்கப்பட்ட சாலையின் எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பது பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 220ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விதியைத் தளர்த்தலாம், சட்டத்தை ஒரு பஞ்சாயத்துச் செகரட்டரி தளர்த்த முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தள்ளிக் கட்டச் சொல்லும் விதிகள் வெறும் காகிதத் தொல்லை என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கும் ஊரில், 3 சென்ட், 5 சென்ட் மனைகள் நெருங்கி நிற்கும் இடத்தில், ஒருவர் வீட்டுக் குழி அடுத்தவர் வீட்டுக் கிணற்றில் போய்ச் சேரும். அதற்குக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்தினால் காகிதம் சுத்தமாகும், தண்ணீர் ஆகாது. இதை மறைத்து விற்பவர் ஒரு குறையை அல்ல, ஒரு நோயை விற்கிறார் என்றே சொல்வேன்.

மூன்றாவது வகைதான் எல்லைப் பகுதிகளில் மிகுதியாக ஆளை விழுங்குவது. வீட்டில் ஒரு குறையும் இருக்காது. அது நிற்கும் மண்ணில் இருக்கும். பாலக்காட்டில் இது நெல்வயலாக வருகிறது. வில்லேஜ் ஆபீஸின் அடிப்படை வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே "நிலம்" என்றோ "புரையிடம்" என்றோ எழுதியிருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வந்து பார்க்கிறவருக்கு "நிலம்" என்று கண்டால் சந்தேகம் எழாது. ஆனால் அந்தப் பதிவேட்டில் அது நெல்வயல்; வீடு கட்டத் தகுந்த மேட்டுநிலம்தான் புரையிடம். தென்னை நின்றாலும், முப்பது வருடமாக மண் மேடாகக் கிடந்தாலும், எழுத்து மாறாதவரை அது வயல்தான். 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வயல்களுக்கென டேட்டா பேங்க் என்ற பட்டியல் தயாரிக்கப்பட்டது. அதில் தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கக் கோரிப் படிவம் 5. பட்டியலில் இல்லாமல் வருவாய்ப் பதிவில் மட்டும் வயலாக இருந்தால், தரம் மாற்றக் கோரிப் படிவம் 6. இரண்டாவதற்கு 27ஏ என்ற பிரிவு 2018இல் சேர்ந்தது. 2017 டிசம்பர் 30 அன்றே தனித்து இருந்த 25 சென்ட் வரையிலான மனைக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் அரசாணை வந்தது. ஆக, டேட்டா பேங்கில் இல்லாத சிறு மனைக்குச் செலவின்றியே வழி உண்டு. பட்டியலில் இருக்கும் உண்மையான வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுக்கு அநேகமாக வழியே இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டு வீடும் ஒன்று. விலையும் ஒன்றாகவே சொல்வார்கள். அட்டப்பாடி என்றால் இதோடு இன்னொரு சோதனையும் உண்டு: ஆதிவாசிகளின் நிலத்தைக் கைமாற்றுவதற்கு 1975, 1999ஆம் ஆண்டுச் சட்டங்கள் விதித்த கட்டுப்பாடு. அங்கே கட்டட விதியைப் பற்றிப் பேசும் முன்பே மூல உரிமையைப் பார்த்தாக வேண்டும்.

இடுக்கியில் இதே சிக்கல் பட்டயம் என்ற உருவில் வருகிறது. தமிழ்நாட்டில் பட்டா என்றால் வருவாய்ப் பதிவில் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நிபந்தனை இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இடுக்கியின் பட்டயங்களில் பெரும்பகுதி, அரசு தன் நிலத்தை ஒரு காரியத்துக்காக ஒதுக்கிக் கொடுத்தது. 1964ஆம் ஆண்டு நிலம் ஒதுக்கீட்டு விதிகளின்படி சொந்த விவசாயம், வீட்டு மனை, பக்கத்தில் இருக்கும் சொந்த நிலத்துக்கு உதவியான பயன்பாடு என்பவையே அந்தக் காரியங்கள். ஏலத் தோட்டத்துப் பட்டயத்தில் வீடு கட்டி, அந்த வீட்டை ஹோம் ஸ்டே ஆக்கி, பின்பு மூன்று மாடி லாட்ஜ் ஆக்கினால், ஒவ்வொரு படியிலும் பட்டய நிபந்தனை மீறப்படுகிறது. அதற்கு முடிவு அபராதம் மட்டும் அல்ல, பட்டயமே ரத்தாகலாம். இதற்காகவே 2023 செப்டம்பரில் கேரளச் சட்டமன்றம் நிலம் ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திருத்தியது. ஆளுநரின் கையெழுத்து 2024 ஏப்ரலில்தான் கிடைத்தது. மீறல்களை முறைப்படுத்தும் விதிகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் 2025 ஆகஸ்டில் வந்தது. சட்டத்துக்கும் விதிக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அந்த இடைவெளியில் "எல்லாம் ரெகுலரைஸ் ஆகிவிட்டது" என்று சொல்லி ஒருவர் விற்றிருந்தால், அவர் விற்றது வீட்டை அல்ல, தன் நம்பிக்கையை.

மூணாறைச் சுற்றி இன்னும் ஒரு கதவு உண்டு. 2010இல் கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை அடுத்து, கண்ணன் தேவன் மலைகள், பள்ளிவாசல், சின்னக்கானல், சாந்தன்பாறை, பைசன்வேலி முதலிய கிராமங்களில் பஞ்சாயத்து அனுமதி மட்டும் போதாது. வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். 2023 ஆகஸ்டில் சாந்தன்பாறையில் ஆளும் கட்சியே கட்டிக்கொண்டிருந்த அலுவலகத்தின் வேலையை உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னதும் இதனால்தான். ஆளும் கட்சிக்குத் திறக்காத கதவு, வீட்டை வாங்கிவிட்டு இன்னும் ஒரு மாடி ஏற்றலாம் என்று கணக்குப் போடும் உடுமலைக்காரருக்குத் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. காலம் கடந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதும் இங்கே பலிக்கவில்லை. தேவிகுளம் தாலுகாவில் 1999இல் கொடுக்கப்பட்ட "ரவீந்திரன் பட்டயங்கள்" 530. கொடுத்த அதிகாரி ரவீந்திரனுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லி, அவற்றை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. நடுவே ஓடியது 23 ஆண்டு.

சரி, விற்பவரின் சட்டக் கடமை என்ன? 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. சொத்திலோ உரிமையிலோ இருக்கும் முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி. இதைப் படித்ததும் விற்பவர் தரப்பில் ஒரு மறுப்பு எழும், அது லேசானதும் அல்ல: "பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் தெரிந்துவிடும் விஷயத்தை நான் ஏன் சொல்ல வேண்டும்? கவனம் அவர் பொறுப்பு." சட்டத்தின் வாசகம் இவருக்கு ஓரளவு இடம் கொடுக்கவே செய்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவும், விசாரித்தால் தெரிந்திருக்கக்கூடியதை விசாரிக்காமல் விட்டவர், எதிராளியின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை உடைக்க முடியாது என்றே சொல்கிறது. எனவே வாங்குபவர்கள் சட்டத்தை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் விற்பவர் இந்த இடுக்கு வழியாகத் தப்பிப்பதும் எளிதல்ல. ஏனென்றால் வீட்டு விற்பனையில் யாரும் மௌனமாக இருப்பதில்லை. "எல்லாம் கிளியர்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எந்தத் தரகரும் வீட்டைக் காட்டுவதில்லை. ஆதாரத்திலேயே, சொத்தில் எந்தக் குறையும் பாக்கியும் இல்லை, வந்தால் தானே பொறுப்பு என்று எழுத்தர் வழக்கமாக எழுதும் வரி ஒன்று இருக்கும். யு.ஏ. எண்ணுள்ள வீட்டுக்கு அந்த வரியில் கையெழுத்துப் போட்டவர் மௌனம் காத்தவர் அல்லர், பொய்யில் கையெழுத்திட்டவர்.

அடுத்த மறுப்பு பிழைப்பு சார்ந்தது. சொன்னால் யார் வாங்குவார்கள்? உண்மையில் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். சம்பளக்காரர் வங்கிக் கடனில் வாங்குகிறார். வங்கி முன்னாதாரம், வில்லங்கச் சான்று, கைவசச் சான்று, கரம் ரசீது, லொக்கேஷன் ஸ்கெட்ச், அனுமதி வரைபடம் எல்லாம் கேட்கிறது. அதன் வழக்கறிஞர் ஒருபுறமும் மதிப்பீட்டுப் பொறியாளர் ஒருபுறமும் தோண்டுகிறார்கள். டேப்பை இழுத்துப் பார்க்கும் பொறியாளர் முன்னால் அடைத்த மாடியை மறைக்க முடியாது. 2024 டிசம்பர் 17 அன்று மீரட் நகரக் கட்டடம் ஒன்றைப் பற்றிய தீர்ப்பில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், கட்டடம் முடிந்ததற்கான சான்றையும் குடியேறத் தகுந்தது என்ற சான்றையும் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும், மின்சாரம், குடிநீர் இணைப்புகளும் அதற்குப் பிறகே என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டார்கள். ஆகவே மறைப்பு வேலை செய்வது ரொக்கப் பணத்தோடு வருபவரிடம் மட்டும்தான். ரொக்கக்காரர் ஒன்று ஏமாளி, இல்லையேல் மீறலை மோப்பம் பிடித்து அடிமாட்டு விலைக்குக் கேட்கும் கெட்டிக்காரர். இரண்டாமவரே அதிகம். தீரக்கூடிய குறையைத் தீர்த்தோ, தீர்க்க ஆகும் செலவைக் கணக்கிட்டுச் சொல்லியோ விற்பவருக்கு வங்கிக் கடனில் வாங்குவோரின் சந்தை முழுதும் திறக்கிறது. பேச்சு முறிந்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் அவமானமும் இல்லை.

இன்னொரு வாதம் நம் ஊர்களில் ஆழ வேரோடியது: எத்தனை மீறினாலும் ஒருநாள் அரசு பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடும். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ பிரிவு சேர்ந்தபோது 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு என்றார்கள். காலக்கெடு 2002 வரை நீண்டுகொண்டே போனது. பிந்தைய நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஏற்கவில்லை. அதன் பிறகும் 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கென்று 113-சி வந்தது. இந்த வரலாற்றைப் படித்தவருக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றினால் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு விலக்குப் பட்டியல் உண்டு, ஒரு வழக்கும் உண்டு. எந்த வீடு தேதிக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்பதை விற்பவர் சொல்லித் தர முடியாது. இங்கிலாந்தில், மறைக்காமல் கட்டிய கட்டடத்தின் மீது 10 ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் அதன்பின் எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரலுக்கு முன் பெரும்பாலும் 4 ஆண்டாக இருந்தது. நம்மிடம் அப்படிக் கால எல்லை கிடையாது. நாள் பல கழிந்ததோ, அதிகாரிகள் தூங்கியதோ மீறலை முறையாக்காது என்று மேலே சொன்ன 2024 தீர்ப்பே சொல்லிவிட்டது. வரப்போகும் மன்னிப்பு விற்பவரின் ஊகம்; அதற்கான விலையை இன்றே வாங்குபவரிடம் கறப்பது நியாயம் ஆகாது.

"குறை வந்தால் நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தால் போதாதா என்பார்கள். மரடு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கடலோரக் கட்டுப்பாட்டு விதிகளை மீறியதற்காக எர்ணாகுளம் மாவட்டம் மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்கும்படி 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் பதிவு செய்த ஆதாரம் வைத்திருந்தார்கள், வரி கட்டினார்கள், பலர் கடனும் வாங்கியிருந்தார்கள். நீதிமன்றம் உடனடியாக வழங்கச் சொன்ன இடைக்கால நட்ட ஈடு ஒரு வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய். அது அரசிடமிருந்து வந்தது. கட்டியவர்களிடமிருந்து வசூலிப்பது பிறகு நடக்க வேண்டியது. அங்கே எதிரே நின்றது பெரிய நிறுவனங்கள். பூப்பாறையில் வீட்டை விற்றுவிட்டுக் கம்பத்துக்கோ திருப்பூருக்கோ போய்விட்ட தனி ஆளிடம் பொறுப்பு உறுதிமொழியை வைத்து எத்தனை வருடம் வழக்கு நடத்துவது? இடிப்பு நோட்டீஸ் எப்போதும் இன்று வீட்டில் இருப்பவர் பெயருக்குத்தான் வரும்.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு ஒன்று. பெரிய ரிசார்ட்டுகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி நிற்கின்றன. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி தன் பி.எஃப்., கிராஜுவிட்டியில் வாங்கிய 4 சென்ட்டில் கட்டிய வீட்டுக்கு நம்பர் கிடைப்பதில்லை. அவரிடம் போய் எல்லாவற்றையும் வெளியே சொல்லி விலையைக் குறைத்துக்கொள் என்பது கொடுமை அல்லவா? இதில் இருக்கும் ஆதங்கம் நியாயமானது. வாழ்நாள் முழுவதும் தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு அந்த வீடு ஒன்றே சொத்து. விதிகளும் படிவங்களும் மலையாளத்தில். இவர் படித்தது தமிழில். ஆனால் அவருடைய வீட்டை வாங்கப் போகிறவர் யார்? பெரும்பாலும் அவரைப் போன்ற இன்னொரு தொழிலாளிதான். மறைப்பால் ஏழை பிழைக்கவில்லை. ஒரு ஏழையின் சுமை இன்னொரு ஏழைக்குக் கைமாறுகிறது. இவர்களுக்கு வேண்டியது மறைக்கும் உரிமை அல்ல, எளிதாகச் சரிசெய்யும் வசதி. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் தமிழர்களுக்கு உரிமை கொடுத்தது. முறைப்படுத்தும் விண்ணப்பமும் நோட்டீஸும் தமிழில் இருந்தால் பாதிச் சிக்கல் தரகர் கைக்கே போகாது. அந்த உரிமையை வற்புறுத்த வேண்டிய சங்கங்களும் கட்சிகளும் தேர்தல் நேரத்துப் பட்டய விழாக்களோடு நின்றுவிடுகின்றன.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதிய அலுவலகமோ புதிய வரியோ வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் வீட்டை விற்பவர் ஒரு வெளிப்படுத்தல் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். தேவையான அனுமதி இல்லாமல் அறை சேர்த்ததோ, கட்டமைப்பை மாற்றியதோ உண்டா என்ற கேள்வி அதில் நேராகவே இருக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் புதுத் திட்டங்களை விற்கும் கட்டுமான நிறுவனங்களைப் பிடிக்கிறது. ஒரு தனி ஆள் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பது அதன் வலைக்குள் வருவதில்லை. எல்லை ஊர்களில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாம் கை விற்பனை. கேரளத்தில் கட்டட அனுமதிகள் கே-ஸ்மார்ட் தளத்துக்கு வந்துவிட்டன: நகரங்களில் 2024 ஜனவரியில், பஞ்சாயத்துகளில் 2025 ஏப்ரலில். ஆதாரத்தில் வில்லங்க விவரம் எழுதுவது போலவே அனுமதி எண், குடியேற்றச் சான்று எண், யு.ஏ. என்றால் யு.ஏ. என்றே எழுத வேண்டும் என்று ஒரு விதி போதும். பதிவாளர் எதையும் ஆராய வேண்டாம். காலியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் சரி. இது விற்பனையை முடக்கும் என்று தரகர்கள் சொல்வார்கள். முடக்காது. எந்த வீட்டுக்கு என்ன விலை என்பதை வேறுபடுத்திக் காட்டும், அவ்வளவுதான்.

அந்த விதி வரும்வரை கராரில், அதாவது விற்பனை ஒப்பந்தத்தில், எழுதிக்கொள்வதே வழி. விற்பவர் பட்டியலாக எழுதட்டும்: எந்தப் பகுதிக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை, பதிவேட்டில் நிலமா புரையிடமா, பட்டயம் என்றால் எந்த விதிப்படி, எந்தக் காரியத்துக்கு. முறைப்படுத்தும் செலவு யார் தலையில் என்பதையும், அது முடியும்வரை விலையில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதையும் அதிலேயே சேர்க்கலாம். தீராத மீறல் என்றால் வீட்டுக்கு விலை போடாமல் மண்ணுக்கு மட்டும் விலை பேசுவது இருவருக்கும் நல்லது. வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்தக் கட்டடத்தின் அனுமதிக் கோப்பையும் வரிப் பதிவேட்டு நகலையும் கேட்டுப் பஞ்சாயத்துக்கும், பதிவேட்டு விவரமும் டேட்டா பேங்க் விவரமும் கேட்டு வில்லேஜ் ஆபீஸுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். கராரின் கெடுவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு ஒப்பாத விற்பவர் காட்டும் வீட்டை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், வாங்காதீர்கள்.